முதல் நம்பர் லைசென்ஸ்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு தடவையாவது ஜூகு கடற்கரைக்குப் போகாத தமிழர் மும்பையில் இருக்க மாட்டார். பேல்பூரி வாங்கித் தின்று, பிள்ளைகளை அலையில் கால் நனைக்க விட்டு, இருட்டுவதற்குள் பஸ் பிடித்து வீடு திரும்புகிறோம். அந்தக் கடற்கரைக்குப் பின்னால், மதில் சுவருக்குள், ஒரு பழைய விமான நிலையம் இருப்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. இன்று அங்கே பெரும்பாலும் ஹெலிகாப்டர்கள்தான் ஏறி இறங்குகின்றன. பெரிய விமானங்கள் எல்லாம் சான்டாகுரூஸ், சகார் பக்கம் போய்விட்டன.

ஆனால் இந்த ஜூகுவில்தான் 1929-ம் ஆண்டின் தொடக்கத்தில், 24 வயது இளைஞர் ஒருவர் விமானம் ஓட்டப் பழகினார். அந்த ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதியிட்டு அவருக்கு ஒரு சான்றிதழ் கிடைத்தது. அதில் இருந்த எண் 1. இந்தியாவில் விமானி லைசென்ஸ் பெற்ற முதல் மனிதர் அவரே.

அவர்தான் ஜே.ஆர்.டி. டாட்டா.

டாட்டா என்றதும் இரும்பு ஆலை, லாரி, உப்பு என்றுதான் நமக்கு நினைவு வரும். இங்கே சொல்ல வந்தது ஆலைகளின் கதை அல்ல. பொழுதுபோக்காகப் பெற்ற ஒரு லைசென்சை வைத்துக்கொண்டு, இந்தத் தேசத்தின் விமானப் போக்குவரத்துக்கு ஒருவர் கால்கோள் நாட்டிய கதை. அந்தக் கதையில் அவருக்கு வெற்றி மட்டும் கிடைக்கவில்லை. பெரிதாக மூன்று முறை இழந்திருக்கிறார். ஒரு முறை பந்தயத்தை. ஒரு முறை சொந்தக் கம்பெனியை. ஒரு முறை பதவியை. ஒவ்வொரு முறையும் இழந்த பிறகு அவர் என்ன செய்தார் என்பதில்தான் அவருடைய பெருமை இருக்கிறது.

பாரிசில் பிறந்தவர்

ஜே.ஆர்.டி. 1904-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா. டாட்டா தொழில்களை நிறுவிய ஜாம்ஷெட்ஜியின் உறவினர், தொழிலில் கூட்டாளி. தாய் சூசான் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. ஐந்து குழந்தைகளில் ஜே.ஆர்.டி. இரண்டாமவர்.

தந்தையின் வியாபாரம் பல நாடுகளில் நடந்தது. அதனால் குடும்பமும் பெட்டி படுக்கையோடு அலைந்தது. சிறிது காலம் பாரிஸ், சிறிது காலம் பம்பாய், சிறிது காலம் ஜப்பானில் யோகஹாமா என்று பையனின் படிப்பு நாலு இடத்தில் நடந்தது. வீட்டில் பேசிய மொழி பிரெஞ்சு. ஆங்கிலத்தை அவர் பின்னால்தான் நன்கு கற்றுக்கொண்டார்.

கோடை விடுமுறைக்கு அவர்கள் பிரான்சின் வட கடற்கரையில் உள்ள ஆர்டெலோ என்ற சிற்றூருக்குப் போவது வழக்கம். அங்கே அவர்களுக்கு அண்டை வீட்டுக்காரர் யார் தெரியுமா? லூயி பிளேரியோ. 1909-ம் ஆண்டு ஜூலை மாதம் இங்கிலீஷ் கால்வாயை விமானத்தில் முதன்முதலாகக் கடந்து உலகை வியக்க வைத்தவர். பிளேரியோவின் விமானங்கள் அந்தக் கடற்கரை மணலில் வந்து இறங்கும். சிறுவர்கள் ஓடிப்போய் சூழ்ந்து நிற்பார்கள். அந்தக் கூட்டத்தில் நின்ற பையன்களில் ஒருவன் ஜே.ஆர்.டி.

பதினைந்தாவது வயதில், அதே ஆர்டெலோவில், பயணியாக ஒரு சிறிய விமானத்தில் சற்று நேரம் பறந்து பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. தானும் ஒரு நாள் விமானி ஆக வேண்டும் என்ற ஆசை அன்றே அவர் மனதில் வேரூன்றிவிட்டது. ஆனால் அந்த ஆசை நிறைவேற இன்னும் ஒன்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

காலேஜ் வாசலை மிதிக்காதவர்

1923-ல் தாய் காசநோயால் காலமானார். கேம்பிரிட்ஜில் சேர்ந்து என்ஜினீயரிங் படிக்க வேண்டும் என்று ஜே.ஆர்.டி. இங்கிலாந்து சென்று ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். அப்போது அவர் பிரெஞ்சுக் குடிமகன். பிரெஞ்சுச் சட்டப்படி ராணுவ சேவை செய்தாக வேண்டும். ஆகவே ஓராண்டு குதிரைப் படையில் பணியாற்றினார். ராணுவ வாழ்க்கை அவருக்குப் பிடித்துப் போயிற்று. மேலும் சிறிது காலம் படையிலேயே இருந்து பயிற்சி பெற விரும்பினார். தந்தை சம்மதிக்கவில்லை. பம்பாய்க்கு வந்து தொழிலில் சேரும்படி உத்தரவு போட்டார்.

மகனுக்கு ஏமாற்றம்தான். ஆனால் அவர் பணியாற்றிய படைப்பிரிவு பின்னர் மொராக்கோவில் நடந்த சண்டையில் பெரும் அழிவுக்கு உள்ளானது. தந்தையின் கண்டிப்பு மகனின் உயிரைக் காப்பாற்றியது என்றே சொல்ல வேண்டும்.

1925-ம் ஆண்டு இறுதியில் டாட்டா கம்பெனியில் சம்பளம் இல்லாத பயிற்சியாளராக அவர் சேர்ந்தார். அடுத்த ஆண்டே தந்தை இறந்துவிட்டார். 22-வது வயதில் டைரக்டர்கள் குழுவில் தந்தையின் இடம் அவருக்கு வந்தது. கேம்பிரிட்ஜ் கனவு அதோடு முடிந்தது. பின்னாளில் பெரிய பெரிய விஞ்ஞானக் கூடங்களுக்குத் துணை நின்ற அந்த மனிதர் ஒரு பட்டதாரி அல்ல. அந்தக் குறை கடைசி வரை அவர் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. அதை ஈடு செய்ய இரவில் கண் விழித்துப் புத்தகங்களைப் படித்தார்.

ஜூகுவில் பயிற்சி

1928-ல் பம்பாய் பிளையிங் கிளப் ஏற்பட்டது. ஜூகுவில் பயிற்சி அளிக்கப்படும் என்று தெரிந்ததும் முதலில் போய்ச் சேர்ந்தவர்களில் ஜே.ஆர்.டி.யும் ஒருவர்.

அக்காலத்துப் பயிற்சி விமானம் இன்றைய விமானம் போல் அல்ல. ‘மாத்’ என்று பெயர். மரச் சட்டத்தின் மேல் துணியை இழுத்துக் கட்டி மெருகு பூசியிருப்பார்கள். மேலும் கீழுமாக இரட்டை இறக்கை. ஒரே ஒரு என்ஜின். மேலே கூரை கிடையாது. முன்னால் ஓர் இருக்கை, பின்னால் ஓர் இருக்கை. ஆசிரியரும் மாணவரும் பறக்கும்போது காற்றின் இரைச்சலில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. குழாய் வைத்துப் பேசுவார்கள். இருவருக்கும் தனித்தனியே விசைக் கோல் உண்டு. மாணவர் தவறு செய்தால் ஆசிரியர் திருத்துவார்.

இப்படிச் சில மணி நேரம் பழகிய பிறகு, ஒரு நாள் ஆசிரியர் கீழே இறங்கிக்கொள்வார். மாணவரை மட்டும் தனியே மேலே அனுப்பிவிடுவார். ஒரு வட்டம் அடித்துவிட்டுப் பத்திரமாக இறங்கி வர வேண்டும். விமானம் பழகும் எவரும் வாழ்நாளில் மறக்காத நாள் அதுதான். ஜே.ஆர்.டி.க்கு அந்த நாள் வெகு சீக்கிரமே வந்தது. பயிற்சியைத் தொடங்கிச் சில வாரங்களுக்குள் அவர் கையில் லைசென்ஸ் இருந்தது.

நீலமும் பொன்னிறமும் கலந்த சிறு சான்றிதழ். இந்தியா-பர்மா ஏரோ கிளப் வழங்கியது. பிற்காலத்தில் எத்தனையோ பட்டங்களும் விருதுகளும் அவரைத் தேடி வந்தன. அந்தச் சான்றிதழ் தந்த மகிழ்ச்சியை வேறெதுவும் தரவில்லை என்றே அவர் கருதினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்றைக்கு அது தனியார் லைசென்ஸ். சொந்த ஆசைக்குப் பறக்கலாம் என்பதற்குத்தான் அனுமதி. காசு கொடுத்து ஏறும் பயணியையோ சரக்கையோ ஏற்றிச் செல்வது வேறு விஷயம். அதோடு அந்த நாளில் விமானம் ஓட்டுவது பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டாகவே இருந்தது. அதை ஒரு தொழிலாக, தினசரிக் கடமையாக நினைத்துப் பார்த்தவர்கள் இந்தியாவில் மிகச் சிலரே.

அதே 1929-ல் அவர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் துறந்தார். மறு ஆண்டு டிசம்பரில் தெல்மா என்ற பெண்ணை மணந்தார். அதற்கும் ஒரு வேடிக்கையான காரணம் உண்டு. காரை மிக வேகமாக ஓட்டியதாக அவர் மேல் வழக்கு வந்தது. வழக்கை நடத்த ஒரு வக்கீலிடம் போனார். வக்கீலின் உறவுப் பெண்தான் தெல்மா.

பந்தயமும் பிளக்கும்

1929 நவம்பரில் ஆகாகான் ஒரு பரிசை அறிவித்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தன்னந்தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு. எந்தப் பக்கத்தில் இருந்தும் புறப்படலாம். குறிப்பிட்ட நாட்களுக்குள் முடிக்க வேண்டும்.

மூன்று பேர் களத்தில் இறங்கினார்கள். ஒருவர் மன்மோகன் சிங். இன்னொருவர் ஆஸ்பி என்ஜினீயர். ரயில்வே என்ஜினீயர் ஒருவரின் மகன், வயது பதினேழு. மூன்றாமவர் ஜே.ஆர்.டி. ஆஸ்பி இங்கிலாந்தில் இருந்து இந்தியாவை நோக்கிப் புறப்பட்டார். ஜே.ஆர்.டி. 1930 மே 3-ந் தேதி கராச்சியில் இருந்து இங்கிலாந்தை நோக்கிப் புறப்பட்டார்.

வழிகாட்ட ரேடியோ கிடையாது. மடியில் வரைபடம், எதிரே திசைகாட்டி, கீழே தெரியும் கடற்கரையும் ஆறும்தான் அடையாளம். பாலைவனத்தின் மேலும் கடலின் மேலும் ஒற்றை என்ஜினை நம்பிப் போக வேண்டும். என்ஜின் நின்றால் எங்கே இறங்குவது என்று ஒவ்வொரு நிமிடமும் கீழே பார்த்துக்கொண்டே பறக்க வேண்டும்.

எகிப்தில் அபூகிர் என்ற இடத்தில் ஜே.ஆர்.டி. இறங்கினார். அங்கே எதிர்த் திசையில் இருந்து வந்த ஆஸ்பி என்ஜினீயரின் விமானம் நின்றுகொண்டிருந்தது. என்ஜினின் ஸ்பார்க் பிளக் கெட்டுவிட்டது. மாற்றுப் பிளக் கைவசம் இல்லை. வெளியில் இருந்து வர வேண்டும். பையன் செய்வதறியாமல் காத்துக் கிடந்தான்.

ஜே.ஆர்.டி.யிடம் உபரிப் பிளக்குகள் இருந்தன. நமக்கு ஏன் வம்பு என்று அவர் பேசாமல் பறந்து போயிருக்கலாம். போட்டியில் எதிரி ஒருவன் வழியில் தங்கிவிட்டால் லாபம் யாருக்கு? ஆனால் அவர் பிளக்குகளை எடுத்துக் கொடுத்தார். பதிலுக்கு ஆஸ்பி, கடலில் விழுந்தால் மிதக்க உதவும் தன் சட்டையை அவருக்கு வற்புறுத்திக் கொடுத்தார். இருவரும் எதிரெதிர்த் திசையில் பறந்து போனார்கள்.

முடிவு என்ன? ஆஸ்பி என்ஜினீயர் சில மணி நேர வித்தியாசத்தில் முந்திக்கொண்டார். பரிசு அவருக்கே கிடைத்தது. மன்மோகன் சிங்கும் பயணத்தை முடித்தார். ஆனால் கால வரம்பைத் தாண்டிவிட்டார்.

கொடுத்த பிளக்கே ஜே.ஆர்.டி.யைத் தோற்கடித்தது. அதற்காக அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. பந்தயத்தில் கிடைத்த பெயர், ஆஸ்பி விமானப் படையில் சேர உதவியது. அதே ஆஸ்பி என்ஜினீயர் பின்னாளில், 1960 முதல் 1964 வரை, இந்திய விமானப் படைக்கே தலைமைத் தளபதியாக இருந்தார்.

வின்சென்ட் கொண்டுவந்த திட்டம்

அக்காலத்தில் லண்டனில் இருந்து வரும் விமானத் தபால் கராச்சியோடு நின்றுவிடும். இம்பீரியல் ஏர்வேஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி வாரம் ஒரு முறை அங்கே கொண்டுவந்து இறக்கும். கராச்சியில் இருந்து பம்பாய்க்கும் சென்னைக்கும் அந்தத் தபால் ரயிலேறி வர வேண்டும். பம்பாயில் இருந்து ராய்ச்சூர் வரை ஒரு ரயில்வே. ராய்ச்சூரில் இருந்து குண்டக்கல், அரக்கோணம் வழியாகச் சென்னை வரை வேறொரு ரயில்வே. ஆகாயத்தில் வேகமாக வந்த கடிதம் தரையில் நாட்கணக்கில் கிடந்தது.

நெவில் வின்சென்ட் என்ற வெள்ளைக்காரர் இதைக் கவனித்தார். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தவர்; பிரிட்டிஷ் விமானப் படையில் இருந்தவர்; இந்தியாவில் ஊர் ஊராகப் போய் விமான வித்தை காட்டி வந்தவர். கராச்சி, ஆமதாபாத், பம்பாய், பெல்லாரி வழியாகச் சென்னைக்கு விமானத்தில் தபாலைக் கொண்டுபோகலாம் என்று ஒரு திட்டம் தீட்டினார். பணம் போட ஆள் வேண்டும். விமானப் பைத்தியமான டாட்டா வீட்டு இளைஞரிடம் வந்து சேர்ந்தார்.

ஜே.ஆர்.டி.க்குத் திட்டம் பிடித்துவிட்டது. ஆனால் கம்பெனித் தலைவர் தோராப்ஜி டாட்டா வயதானவர், உடல்நலம் குன்றியவர். புதிய வம்பில் மாட்டிக்கொள்ள அவருக்கு விருப்பம் இல்லை. ஜே.ஆர்.டி.க்குத் தொழில் கற்றுக்கொடுத்த பீட்டர்சன் என்ற அதிகாரி அவரிடம் எடுத்துச் சொல்லிச் சம்மதம் வாங்கினார். முதலீடு சுமார் 2 லட்சம் ரூபாய்.

அதற்குப் பிறகு சர்க்காரின் பிடிவாதம். அது உலகம் முழுவதும் பொருளாதார மந்தம் நிலவிய காலம். மானியம் தர அரசாங்கம் மறுத்தது. கேட்ட தொகையைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தார்கள். கடைசியில் மானியமே வேண்டாம், சுமக்கும் தபாலின் எடைக்கு ஏற்ற கூலி போதும் என்று சொன்ன பிறகுதான், 1932 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

55 ராத்தல் தபால்

1932-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி காலை. கராச்சி டிரிக் ரோடு விமான நிலையம். ‘புஸ் மாத்’ என்ற சிறிய விமானத்தில் 55 ராத்தல் தபால் ஏற்றப்பட்டது. அதாவது 25 கிலோ. ஒரு சாதாரண அரிசி மூட்டைக்கு ஆகும் எடை. விமானத்தை ஓட்டியவர் ஜே.ஆர்.டி.

ஆமதாபாத்தில் இறங்கினார். அங்கே பெட்ரோல் நாலு காலன் டின்களில், மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தது. ஊற்றிக்கொண்டு மறுபடி கிளம்பினார். பிற்பகல் 2 மணிக்குள் ஜூகுவில் இறங்கினார். அங்கே நெவில் வின்சென்ட் தயாராக நின்றார். தபால் அவர் விமானத்துக்கு மாறியது. அவர் பெல்லாரிக்குப் பறந்து, இரவு அங்கே தங்கி, பிறகு சென்னை போய்ச் சேர்ந்தார். அன்றைக்குப் பெல்லாரி சென்னை ராஜதானியைச் சேர்ந்த ஊர்.

ஆகவே, இந்தியர் கையால் தொடங்கிய முதல் விமானப் பாதை கராச்சியில் ஆரம்பித்து நம் சென்னையில் முடிந்தது. பம்பாய்க்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவே நாம் ரயிலில் போய் வரும் தூரத்தை அந்த ஒற்றை என்ஜின் விமானம் வாரந்தோறும் கடந்தது.

ஓலைக் கொட்டகை

டாட்டா ஏர்லைன்சின் அலுவலகம் என்று பெரிய கட்டடம் எதையும் நினைத்துவிட வேண்டாம். ஜூகுவில் ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை. இரண்டு சிறிய விமானங்கள். விரல் விட்டு எண்ணக்கூடிய விமானிகளும் மெக்கானிக்குகளும். அவ்வளவுதான்.

ஜூகுவின் தரை சேற்று நிலம். மழைக்காலம் வந்தால் கடல் நீரும் மழை நீரும் சேர்ந்து ஓடுபாதையை மூழ்கடித்துவிடும். உடனே விமானங்கள், ஆட்கள், கருவிகள் எல்லாம் புனாவுக்கு மூட்டை கட்டும். மழை முடிந்ததும் திரும்பி வரும்.

இருந்தும் முதல் ஓராண்டில் அந்த விமானங்கள் 1,60,000 மைல் பறந்தன. 155 பயணிகளையும் பத்து டன்னுக்கு மேற்பட்ட தபாலையும் ஏற்றிச் சென்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, நேரம் தவறவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை மேகம் கவிந்திருக்கும் நாட்களிலும் தபால் நேரத்துக்கு வந்தது. ரயில் கால அட்டவணையோடு மாரடிக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அதன் அருமை புரியும்.

1935-ல் திருவனந்தபுரத்துக்குச் சேவை நீண்டது. 1938-ல் சென்னையில் இருந்து திருச்சி வழியாகக் கொழும்புக்குப் போயிற்று. அதே ஆண்டு ஜே.ஆர்.டி. டாட்டா நிறுவனங்கள் அனைத்துக்கும் தலைவரானார். அப்போது வயது 34.

வின்சென்ட் நெடுநாள் இருக்கவில்லை. இந்தியாவில் விமானத் தொழிற்சாலை அமைக்கும் வேலையாக 1942-ல் இங்கிலாந்துக்குப் பறந்தபோது, பிரெஞ்சுக் கரைக்கு அருகே அவருடைய விமானம் மறைந்தது. ஜே.ஆர்.டி.க்கு அது ஈடு செய்ய முடியாத நஷ்டம்.

கம்பெனி கை மாறியது

யுத்தம் முடிந்ததும் 1946-ல் டாட்டா ஏர்லைன்ஸ் பொதுக் கம்பெனியாகி ஏர் இந்தியா என்று பெயர் மாறியது. 1948 ஜூன் 8-ந் தேதி பம்பாயில் இருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்கு முதல் விமானம் புறப்பட்டது. ‘மலபார் பிரின்சஸ்’ என்பது அதன் பெயர். பயணிகளில் ஜே.ஆர்.டி.யும் இருந்தார். ஆர்டெலோ மணலில் நின்று விமானம் பார்த்த சிறுவன், தான் தொடங்கிய கம்பெனியின் விமானத்தில் ஐரோப்பா போனான்.

ஆனால் யுத்தத்துக்குப் பிறகு அரசாங்கம் அளவுக்கு மேல் பல கம்பெனிகளுக்கு லைசென்ஸ் கொடுத்தது. எல்லாக் கம்பெனிகளும் நஷ்டத்தில் தத்தளித்தன. இப்படிச் செய்யாதீர்கள் என்று ஜே.ஆர்.டி. முன்பே எச்சரித்தும் பயன் இல்லை. முடிவில் 1953 ஆகஸ்டு 1-ந் தேதி எல்லா விமானக் கம்பெனிகளும் அரசுடைமை ஆயின. சேற்றிலும் மழையிலும் அவர் வளர்த்த கம்பெனி அரசின் கைக்குப் போயிற்று. தன்னைக் கலந்து பேசாமல் முடிவு செய்தார்கள் என்பதுதான் அவருக்கு அதிக வேதனை. நெருங்கிய நண்பரான பிரதமர் நேருவிடம் அந்த வருத்தத்தை அவர் மறைக்கவில்லை.

நேரு அவரையே ஏர் இந்தியாவின் தலைவராக இருக்கும்படி கேட்டார். நம்மில் ஒருவராக இருந்தால் கோபித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்போம். அவர் தன்னோடு உழைத்த சிப்பந்திகளை நினைத்தார். ஒப்புக்கொண்டார். சம்பளம் பெறவில்லை. 25 ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

தலைவர் என்றால் கையெழுத்துப் போடுகிறவர் மட்டும் அல்ல என்பதை அவர் காட்டினார். விமானத்தில் பயணம் செய்யும்போதெல்லாம் குறிப்பெடுப்பார். திரைச் சீலையின் நிறம், காப்பியின் பதம், பணிப்பெண்ணின் தலை அலங்காரம், கழிப்பறையின் சுத்தம், ஒன்றையும் விட மாட்டார். ஊர் திரும்பியதும் அந்தக் குறிப்புகள் அதிகாரிகளின் மேஜைக்குப் போகும். ஒரு நாட்டின் கொடியைத் தாங்கிப் போகும் விமானத்தில் சின்னக் குறை என்று ஒன்று இல்லை என்பது அவர் எண்ணம். 1962-ல் ஏர் இந்தியாவின் விமானங்கள் அனைத்தும் ஜெட் விமானங்களாக மாறின. உலகில் அந்த நிலையை முதலில் அடைந்த கம்பெனிகளில் ஒன்று என்ற பெயர் அதற்குக் கிடைத்தது.

இந்தக் காலத்தில் மற்றத் தொழில்களையும் அவர் கவனிக்காமல் இல்லை. பரேலில் உள்ள டாட்டா புற்றுநோய் ஆஸ்பத்திரியை நாம் அறிவோம். ஊரில் இருந்து நோயாளியை அழைத்து வரும் உறவினர்களுக்கு நம்மில் பலர் அங்கே வழிகாட்டியிருக்கிறோம். 1941-ல் அதைத் திறந்த தோராப்ஜி டாட்டா அறக்கட்டளையின் தலைமையில் இருந்தவர் ஜே.ஆர்.டி.தான்.

பதவி போயிற்று

1978-ம் ஆண்டின் முதல் நாளே ஏர் இந்தியாவுக்குக் கெட்ட நாளாக விடிந்தது. ‘எம்பரர் அசோகா’ என்ற ஜம்போ விமானம் பம்பாயில் இருந்து புறப்பட்ட சிறிது நேரத்தில் கடலில் விழுந்தது. 213 பேர் மாண்டார்கள்.

ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 1-ந் தேதி, மொரார்ஜி தேசாய் அரசாங்கம் ஜே.ஆர்.டி.யைத் தலைவர் பதவியில் இருந்து நீக்கியது. அரசாங்கத்தின் கடிதம் கைக்கு வருமுன்பே, அந்த இடத்துக்குத் தன்னை நியமித்திருக்கிறார்கள் என்று பி.சி.லால் சொல்லித்தான் அவருக்குச் செய்தி தெரிந்தது. 46 ஆண்டுகள் உழைத்தவருக்கு அரசு கொடுத்த விடை அது.

ஊழியர்கள் கொதித்தார்கள். ஜே.ஆர்.டி. அமைதியாக விலகிக்கொண்டார். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு இந்திரா காந்தி அரசாங்கம் அவரை நிர்வாகக் குழுவுக்கு மீண்டும் அழைத்தது. தலைவராக அல்ல, உறுப்பினராக. அதற்கும் அவர் ஒப்புக்கொண்டார்.

78 வயதில் மறுபடியும்

1982 அக்டோபர் 15. முதல் தபால் விமானம் பறந்து சரியாக 50 ஆண்டுகள். ஜே.ஆர்.டி.க்கு வயது 78. அந்தப் பயணத்தை அதே வழியில் மறுபடி செய்து காட்டப் போவதாகச் சொன்னபோது பலர் கவலைப்பட்டார்கள். அவர் கேட்கவில்லை. கராச்சி இப்போது வேறு நாடு. அங்கே போய், ‘லெப்பர்டு மாத்’ என்ற அந்தக் காலத்து ஒற்றை என்ஜின் விமானத்தில் தனியாக ஏறினார். ஆமதாபாத்தில் இறங்கினார். மாலையில் ஜூகுவில், கூடி நின்ற கூட்டத்தின் முன் வந்து தரையிறங்கினார்.

இளைஞர்களின் உற்சாகம் குன்றிவிட்டது, அதைத் தூண்ட வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்ததாக அவர் பின்னர் விளக்கினார்.

1992-ல் அவருக்குப் பாரத ரத்னா விருது அளிக்கப்பட்டது. 1993 நவம்பர் 29-ந் தேதி ஜெனீவாவில் காலமானார். வயது 89. பிறந்த பாரிஸ் நகரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் இறந்து 28 ஆண்டுகள் சென்ற பின், 2022 ஜனவரி 27-ந் தேதி, ஏர் இந்தியா மறுபடியும் டாட்டா குழுமத்திடமே வந்து சேர்ந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு

இன்று விமானி ஆக விரும்பும் பிள்ளை கோடீசுவரர் வீட்டில் பிறந்திருக்க வேண்டியதில்லை. செலவு இன்றும் பல லட்சம்தான், மறுப்பதற்கில்லை. ஆயினும் வங்கிக் கடனிலும் உதவித் தொகையிலும் படித்து வந்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் உண்டு.

வழி ஏறக்குறைய அதே வழிதான். விதிப்படி 17 வயதில் தனியார் லைசென்ஸ் பெறலாம்; அதற்குக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். சம்பளத்துக்கு விமானம் ஓட்ட வேண்டுமானால் வர்த்தக லைசென்ஸ் வேண்டும். அதற்கு வயது 18. பறந்த நேரம் 200 மணி. ஒவ்வொரு மணியும் நோட்டில் எழுதப்பட வேண்டும். பெரிய விமானக் கம்பெனியில் சேர விரும்புகிறவரும் ஒற்றை என்ஜின் விமானத்தில், ஆசிரியர் இறங்கிக்கொண்ட பிறகு, தனியாக ஒரு வட்டம் அடித்துத்தான் தொடங்க வேண்டும்.

முதல் நம்பர் லைசென்ஸ் ஜே.ஆர்.டி.க்கு எளிதாகக் கிடைத்தது உண்மைதான். பணம் இருந்தது, விமானம் இருந்தது, நேரம் இருந்தது. ஆனால் வழியில் நின்றவனுக்குப் பிளக் கொடுத்ததும், பறிபோன கம்பெனிக்கே கூலி இல்லாமல் உழைத்ததும், நீக்கிய இடத்துக்கே சாதாரண உறுப்பினராகத் திரும்பியதும் பணத்தால் வந்தவை அல்ல.

அடுத்த முறை ஜூகுவுக்குப் போகும்போது, கடலைப் பார்த்து முடித்த பின், அந்த மதில் சுவரையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சென்னைக்குப் போன முதல் விமானத் தபால் கை மாறிய இடம் அது.